குமரிக் கரையிலிருந்து ஒரு எக்ஸ்ரே சீற்றத்தைப் பின்தொடர்வது எப்படி

ஒன்றையொன்று சுற்றும் சில நட்சத்திர இரட்டைகள் அவ்வப்போது எக்ஸ்ரேயில் பல மடங்கு பளிச்சிடும், அதைத்தான் எக்ஸ்ரே சீற்றம் என்கிறோம். ஆனால் விண்ணிலிருந்து வரும் எக்ஸ்ரே தரைக்கு வராது, காற்றுமண்டலம் மேலேயே விழுங்கிவிடும். முட்டத்தில் எவ்வளவு பெரிய தொலைநோக்கி வைத்தாலும் அதை நேரடியாகப் பார்க்க முடியாது. ஆனால் சீற்றத்துக்குத் தீனி போடுகிற நட்சத்திரத்தைப் பார்க்கலாம், சீற்றத்தின் அளவை விண்வெளிக் கருவிகளின் தரவில் தினமும் படிக்கலாம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும்.

பழக ஒரே ஒரு இரட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். என் தேர்வு ஏ 0535+26. 1975இல் ஏரியல் 5 செயற்கைக்கோள் கண்டுபிடித்தது. அதில் ஒன்று, வேகமாகச் சுழன்று இடுப்புப் பகுதியிலிருந்து வாயுவை வீசித் தன்னைச் சுற்றி வட்டு போட்டுக்கொள்ளும் கனமான நட்சத்திரம். மற்றது நியூட்ரான் நட்சத்திரம், அதாவது வெடித்து முடிந்த நட்சத்திரத்தின் சுருங்கிய கரு. அது தன்னைத்தானே சுற்றுவதால் அதன் எக்ஸ்ரே சுமார் 103 விநாடிக்கு ஒருமுறை துடிக்கும், 111 நாளுக்கு ஒரு சுற்று வருகிறது. பாதை நீள்வட்டம் என்பதால் கிட்டே வரும்போது அந்த வட்டிலிருந்து வாயுவைப் பிடுங்கிக்கொள்ளும். பிடுங்கிய வாயு காந்தப்புலத்தில் சிக்கித் துருவங்களில் போய் விழுகிறது. ஹைட்ரஜன் இணைவில் நிறையின் 0.7 விழுக்காடுதான் ஆற்றலாகும், இப்படி விழுவதிலோ 10 விழுக்காட்டுக்கு மேல். அந்த வெளிச்சம் எக்ஸ்ரேயாக வருவதில் என்ன ஆச்சரியம்!

சரி, முதல் வேலை. சர்வதேச விண்வெளி நிலையத்தில் 2009 முதல் இருக்கும் ஜப்பானின் மேக்ஸி கருவியின் பக்கத்தை போனில் திறந்து, இந்த இரட்டையின் ஒளி வரைபடத்தை (நாளுக்கு நாள் எக்ஸ்ரே எப்படி ஏறி இறங்குகிறது என்ற வரைபடம்) சேமித்து வையுங்கள். காலண்டரில் நெருக்க நாட்களையும் (நியூட்ரான் நட்சத்திரம் மற்றதற்கு மிகக் கிட்டே வரும் நாட்கள்) 111 நாள் இடைவெளியில் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நாட்களையொட்டி சில சமயம் சிறு சீற்றம் வரும், போகும். பெரிய சீற்றம் அப்படி நாள் பார்த்து வராது. வட்டு நன்றாகப் பெருத்திருந்தால் எந்தக் கட்டத்திலும் கிளம்பி வாரக்கணக்கில் நிற்கும். 2020 நவம்பரில் இதே இரட்டை, கடின எக்ஸ்ரேயில் (ஆற்றல் கூடிய எக்ஸ்ரே), எக்ஸ்ரே வெளிச்சத்துக்கு அளவுகோலாக வைத்திருக்கும் நண்டு நெபுலாவைப் போல 12 மடங்குக்கு மேல் ஏறியது. ஒரே ஒரு புள்ளி மேலே குதித்தால் உடனே நம்பிவிடாதீர்கள். பிழைக்கோடு (அளவீடு எவ்வளவு பிசகலாம் என்று புள்ளியில் காட்டும் கோடு) எவ்வளவு நீளம் என்று பாருங்கள், மூன்று நாள் தொடர்ந்து ஏறினால் மட்டும் நண்பர்களைக் கூப்பிடுங்கள்.

அப்புறம் வானம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் ஜனவரி கடைசியில் இரவு 9 மணிக்கு ரிஷபம் நம் உச்சிக்குச் சற்று வடக்கே நிற்கும். ரோகிணியிலிருந்து கிழக்கே போனால் காளையின் இரண்டு கொம்பு நுனிகள். இரண்டுக்கும் நடுவே சற்றுக் கிழக்கில் நம்ம ஆள், ஒளியளவு சுமார் 9 (எண் கூடக்கூட மங்கல்), வெறுங்கண்ணுக்குத் தெரியாது. நாகர்கோவில் வெளிச்சத்தில் சின்னத் தொலைநோக்கி கட்டாயம் வேண்டும், பேச்சிப்பாறைப் பக்கம் இருட்டில் நல்ல பைனாகுலரே போதலாம். கடற்கரையில் உப்புப் பனி லென்ஸில் படியும், துணி கொண்டு போங்கள். கொம்பு நுனிகளில் மங்கலானதும் இதே வட்டு வகை நட்சத்திரம்தான், அது வெறுங்கண்ணுக்கே தெரியும். டிசம்பர் கடைசியில் இரவு 7 மணிக்கு, தெற்கே கடலுக்கு மேல் ஏறத்தாழ 25 பாகையில் பளிச்சென்று நிற்கும் அக்கர்னார் என்ற நட்சத்திரமும் இதே வகை, வடநாட்டில் பல ஊர்களுக்கு அது சரியாக எட்டாது, நமக்கு எட்டும்.

ஒளியளவை மட்டும் எழுதி வைத்தால் பாதி வேலைதான். தொலைநோக்கியில் கீற்றணி (ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் தகடு) பொருத்தி நிறமாலை எடுக்க முடிந்தவர்கள் ஹைட்ரஜனின் சிவப்புக் கோட்டைக் கவனியுங்கள், 6563 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்தில் இருக்கும். அது வலுத்துக்கொண்டே போனால் வட்டு பெருக்கிறது என்று பொருள், மேக்ஸி பக்கத்தை அடிக்கடி பாருங்கள். சீற்றம் தொடங்கிவிட்டால் ஃபெர்மி செயற்கைக்கோளின் துடிப்பு அளவீடுகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். துடிப்பு இடைவெளி குறைந்துகொண்டே வந்தால், விழுகிற வாயு நியூட்ரான் நட்சத்திரத்தையே வேகமாகச் சுழற்றிவிடுகிறது. ஜூனில் சூரியன் அந்தப் பக்கமே நிற்கும், இங்கே மழையும் வந்துவிடும். அப்போது வரைபடம் மட்டும்தான் கைக்கு மிச்சம், அதை விடாதீர்கள்.