பழைய டிஸ்க் புதுக் கம்ப்யூட்டரில் திறக்க மறுத்தபோது

யாங்கூனில் கரண்ட் வந்து வந்து போனதில் பழைய கம்ப்யூட்டர் போயே போய்விட்டது. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிப் புதியதில் மாட்டினால், பெரியப்பா எடுத்த பீலிக்கான் கோயில் திருவிழாப் படங்கள் இருந்த ஃபோல்டர் மட்டும் 'அனுமதி இல்லை' என்றது. அட, என் வீட்டுப் படத்துக்கு எனக்கே அனுமதியா!

அனுமதி தர விண்டோஸ் நம் கணக்கின் பெயரைப் பார்ப்பதில்லை. கணக்குக்கென்று உள்ள எண்ணைத்தான் பார்க்கும். பெயரும் பாஸ்வேர்டும் ஒன்றாகவே இருந்தாலும் புது மெஷினில் எண் வேறு. ஃபோல்டரில் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு. ஓனர் இடத்தில் எஸ்-1-5-21 என்று தொடங்கும் நீள எண் நின்றது. சேஞ்சைத் தட்டி என் கணக்கைப் போட்டு, உள்ளிருப்பவற்றுக்கும் சேர்த்து மாற்றும் கட்டத்தில் டிக் வைத்தேன். பிறகு அந்தக் கணக்குக்கு ஃபுல் கன்ட்ரோலும், அதாவது முழு அனுமதியும், கொடுத்த பின்தான் படங்கள் திறந்தன. விண்டோஸ் இருக்கும் சி டிரைவ் முழுவதற்கும் இதைச் செய்யாதீர்கள், சிஸ்டமே படுத்துவிடலாம்.