பிராக்கிதெரபி சீடின் உண்மையான கதிரியக்க அளவைக் கண்டுபிடிப்பது எப்படி?

பிராக்கிதெரபி சீட் என்பது புற்றுநோய்க் கட்டிக்குள் வைக்கும் சிறு கதிரியக்கக் குப்பி. அயோடின்-125 சீடின் சான்றிதழில் மில்லிகியூரியில் (கதிரியக்க அளவின் அலகு) போட்டிருப்பது பெரும்பாலும் உள்ளே இருக்கும் அயோடினின் அளவு இல்லை. அந்த எண்ணை அப்படியே மாண்டி கார்லோ கணக்கில் (ஒவ்வொரு ஃபோட்டானின் பாதையையும் தற்செயல் எண்களால் பாவனை செய்யும் கணினிக் கணக்கு) போட்டேன். அளந்ததைவிட வலிமை குறைவாகவே வந்துகொண்டிருந்தது, ஒரு வாரம் நிரலில் பிழை தேடினேன். நிரல் சரியாகத்தான் இருந்தது.

அது தோற்ற அளவு. அதாவது, உறையே இல்லாத, புள்ளி போன்ற ஒரு அயோடின்-125 கதிர்மூலம் வெளியே இதே வலிமையைத் தர அதில் எவ்வளவு வேண்டுமோ, அது. நிஜ சீடில் டைட்டானியம் உறை இருக்கிறது, பல மாடல்களில் உள்ளே வெள்ளிக் கம்பியும் உண்டு. ஃபோட்டான்களின் சராசரி ஆற்றல் 28 கிலோ எலக்ட்ரான் வோல்ட்தான், அதனால் ஒரு பங்கு அங்கேயே நின்றுவிடும். உண்மையான அளவு இதைவிடக் கூடுதல்.

சரி, அளக்கலாம். வெல் சேம்பரை (சீடை உள்ளே வைத்து அளக்கும் கிணறு வடிவ அயனியாக்க அறை) மிகச் சிறிய மின்னோட்டத்தை அளக்கும் எலக்ட்ரோமீட்டரோடு இணைத்து, கசிவு மின்னோட்டத்தைக் குறித்துக்கொண்டு, சீடை இடுக்கியால் எடுத்து அதற்குரிய தாங்கியில் வையுங்கள். காற்றுக்குத் திறந்த சேம்பரையே நான் விரும்புவேன், அழுத்த வாயு அடைத்ததில் மெதுவாகக் கசிவு வந்தால் உடனே தெரியாது. ஆனால் திறந்ததற்கு வெப்பநிலை, அழுத்தத் திருத்தம் கட்டாயம். ஆதார வெப்பநிலை 20 டிகிரியா 22 டிகிரியா என்று சேம்பரின் சான்றிதழில் பாருங்கள், மாற்றிப் போட்டால் 0.7 சதவீதம் பிசகும். அளவுத்திருத்தக் காரணியும் (அளந்த மின்னோட்டத்தை வலிமையாக மாற்றும் எண்) உங்கள் சீட் மாடலுக்கே உரியதாக இருக்க வேண்டும், ஒரு மாடலின் காரணியை இன்னொன்றுக்குப் போடாதீர்கள்.

அளவீட்டைத் திருத்தங்களாலும் காரணியாலும் பெருக்கினால் காற்றுக் கெர்மா வலிமை கிடைக்கும், அதாவது சீடுக்கு வெளியே காற்றில் கதிர்வீச்சு எவ்வளவு ஆற்றலைக் கொடுக்கிறது என்பதன் அளவு, அலகு யூ (U). அப்புறம் சான்றிதழோடு ஒப்பிடுங்கள். ஆதார நாளில் 0.500 யூ என்றால், அரை ஆயுள் 59.4 நாள், 30 நாள் கழித்து 0.352 யூ இருக்க வேண்டும். அதை 1.27 ஆல் (அயோடின்-125க்கு ஒரு மில்லிகியூரி தோற்ற அளவுக்கு இத்தனை யூ) வகுத்தால் 0.277 மில்லிகியூரி, இதுவும் தோற்ற அளவுதான்! டோஸ் கணக்குக்கு யூ போதும், 1.27 பக்கமே போக வேண்டாம் என்பேன்.

உண்மையான அளவுதான் வேண்டுமென்றால், உங்கள் மாடலின் வடிவத்தை மாண்டி கார்லோவில் கட்டி, உள்ளே ஒரு மெகாபெக்கரல் (கதிரியக்க அளவின் இன்னொரு அலகு) இருந்தால் எத்தனை யூ வெளியே வருகிறது என்று கண்டுபிடித்து, அளந்த யூவை அதால் வகுங்கள். உறையை வெட்டிப் பார்க்க முயல வேண்டாம், அயோடின் ஆவியாகி உடலுக்குள் போகும்.

பின்சேர்க்கை: பல்லேடியம்-103க்கு இதே வழி சரிவருமா என்று கேட்டிருந்தார்கள். வரும், ஆனால் அரை ஆயுள் 16.99 நாள், ஒரே நாளில் 4 சதவீதம் குறைந்துவிடும். சான்றிதழில் உள்ள மணி எந்த நேர மண்டலத்துடையது என்பதையும் பார்த்துவிட்டுக் கணக்குப் போடுங்கள்.