சமயவியல் அறிஞரின் மேற்கோள் கணக்கைப் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல்கலைக்கழக நூலகத்தில் வேலை பார்ப்பதால், பதவி உயர்வுக் காலம் வந்தால் ஆசிரியர்களின் வெளியீட்டுப் பட்டியல் என் மேசைக்கு வந்துவிடும். வேதியியல் கோப்பும் சமயவியல் கோப்பும் ஒரே கட்டில் இருக்கும். இரண்டையும் மேற்கோள் எண்ணிக்கை என்ற ஒரே படியால் அளந்துவிடுகிறார்கள். அதுதான் முதல் தவறு.

ஹெச்-இன்டெக்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 2005-ல் ஜார்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் முன்வைத்த கணக்கு அது. ஒருவர் எழுதியவற்றில் பத்து, ஒவ்வொன்றும் குறைந்தது பத்து முறை மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவருக்கு ஹெச் 10. அடுத்தடுத்துக் கட்டுரை வரும் துறைக்கு இது ஓரளவு பொருந்தும். சமயவியலில் ஒரு நூலுக்கே பல வருடம் போய்விடும். வாழ்நாளில் நான்கு நூல் எழுதி, ஒவ்வொன்றும் 300 மேற்கோள் பெற்றிருந்தாலும் அவருக்கு ஹெச் 4-தான், மொத்தமோ 1,200. பத்துச் சிறு கட்டுரைக்குப் பத்துப் பத்தாக 100 மேற்கோள் வாங்கியவர் ஹெச் 10 ஆகிவிடுவார். தேர்வுக் குழு இந்த 4-ஐயும் 10-ஐயும் மட்டும் பார்த்தால் யாருக்கு இழப்பு என்று சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம் இம்பாக்ட் ஃபேக்டர். அது ஆய்விதழுக்கான அளவு, ஆளுக்கானது இல்லை. அதுவும் முந்தைய இரண்டு ஆண்டுக் கட்டுரைகளுக்கு வந்த மேற்கோளைத்தான் பார்க்கும். ஆழ்வார்களைப் பற்றி ஃப்ரீட்ஹெல்ம் ஹார்டி எழுதிய ‘விரஹ பக்தி’ 1983-ல் வந்தது. பாசுரங்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் இன்றும் அதைத் திறந்து பார்க்கிறார்கள். இரண்டு வருடக் கணக்கில் இந்த ஆயுள் எங்கே தெரியும்?

எனக்கு மிகவும் வருத்தம் தருவது பதிப்புப் பணியைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதுதான். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1984-லிருந்து 1991-க்குள் தேவாரத்தை மூன்று தொகுதிகளாக வெளியிட்டது. பதிப்பாசிரியர் தி.வே. கோபாலையர். இப்போது ஒருவர் ‘தோடுடைய செவியன்’ பாட்டை எடுத்துக்காட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அடைப்புக்குறிக்குள் ‘தேவாரம் 1.1.1’ என்று போடுவார், அவ்வளவுதான். முதல் திருமுறை, முதல் பதிகம், முதல் பாட்டு. அந்தப் பாடம், அதாவது பாட்டின் சொல்வடிவம், யாருடைய பதிப்பிலிருந்து வந்தது என்பது நூற்பட்டியலில் ஒரு வரியாக வந்தால் உண்டு, அதுவும் விட்டுப்போனால் மேற்கோள் பூஜ்யம். ஒரு கட்டுரை நூறு பாடல்களை அந்தப் பதிப்பிலிருந்து எடுத்திருந்தாலும் கணக்கில் ஒன்றுதான் ஏறும். ஏடு ஒப்பிட்டுப் பாடம் தேர்ந்த உழைப்பு எந்தத் தரவுத்தளத்திலும் தெரியாது. மொழிபெயர்ப்புக்கும் இதே கதிதான். ஆகவே பதிப்பையும் மொழிபெயர்ப்பையும் ‘இதர வெளியீடுகள்’ என்று கடைசியில் தள்ளாதீர்கள். நூலுக்குச் சமமாக முன்னால் வையுங்கள்.

மேற்கோள் எல்லாம் பாராட்டு என்று நினைப்பதும் தவறு. சமய வரலாற்றறிஞர் மிர்ச்சா எலியாதேயை மறுப்பதற்காகவே மேற்கோள் காட்டியவர்கள் ஏராளம். அந்த இடத்தைப் படித்துப் பார்த்தால்தான் தெரியும்.

பெயர் விஷயத்தில் கொஞ்சம் பொறுமை வேண்டும். நம் பெயர்களில் முன்னெழுத்து முன்னாலும் வரும், பின்னாலும் போகும். ‘ஐயர்’ என்பதையே ஆங்கிலத்தில் மூன்று நான்கு விதமாக எழுதுகிறார்கள். ‘தேவாரம்’ என்ற தலைப்பை ஆங்கில எழுத்தில், நெடிலுக்கு மேலே கோடு போட்டு (Tēvāram) ஒருவர் எழுதுவார், போடாமல் இன்னொருவர் எழுதுவார். ஆய்வு நூல்களையும் கட்டுரைகளையும் தேடித்தரும் கூகுள் ஸ்காலரில் ஒரே நூல் இரண்டு மூன்றாகச் சிதறிக் கிடக்கும்; அவற்றை ஒன்றாகச் சேர்க்கும் வசதி அங்கேயே இருக்கிறது. இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். சைவ சித்தாந்தம் எழுதும் ஒரு பேராசிரியரின் கூகுள் ஸ்காலர் பக்கத்தில் பாலிமர் பற்றிய கட்டுரைகள் பதினொன்று இருந்தன. முன்னெழுத்தும் பெயரும் ஒன்று, ஆள் வேறு. அவரும் நானும் உட்கார்ந்து ஒவ்வொன்றாக நீக்கினோம். அன்றைக்கே அவருக்கு, ஆய்வாளரைத் தனித்து அடையாளம் காட்டும் 16 இலக்க ஆர்கிட் எண்ணையும் பதிந்து கொடுத்தேன். அதற்குக் கட்டணம் கிடையாது.

கடைசியாக, எண்ணை மட்டும் எழுதி அனுப்பாதீர்கள். மேற்கோள் தரவுத்தளமான ஸ்கோப்பஸ் ஒன்று சொல்லும், கூகுள் ஸ்காலர் வேறொன்று சொல்லும். வெப் ஆஃப் சயன்ஸ் என்ற இன்னொரு தரவுத்தளம் நூல்களுக்கென்று தனி மேற்கோள் அட்டவணை தொடங்கியதே 2011-ல்தான். எந்தத் தளம், எந்தத் தேதி என்று பக்கத்திலேயே குறித்துவிடுங்கள். நான் அதோடு, அந்த நூலுக்கு ஆய்விதழ்களில் வந்த மதிப்புரைகள் இரண்டையாவது நகலெடுத்துக் கோப்பில் முதல் தாளாக வைத்துவிடுகிறேன்.