ஊர் வியாபாரிகளுக்குச் செய்தி மடலும் மாதக் கூட்டமும்: நடத்தும் முறை

சின்ன நகரத்தில் வியாபாரிகளுக்கு ஒருவரையொருவர் தெரியாது என்ற பேச்சே கிடையாது. யார் கடை எங்கே, யாருடைய மகன் கல்லாவில் உட்காருகிறான், யாருக்கு யாரோடு பேச்சுவார்த்தை இல்லை, எல்லாம் அத்துப்படி. தெரியாதது ஒன்றுதான்: அடுத்தவருக்கு இந்த மாதம் என்ன தேவை, அவரிடம் என்ன மிஞ்சிக் கிடக்கிறது. மாதம் 200 கிலோ பழைய அட்டைப்பெட்டியைத் தூக்கிப்போடும் மின்சாதனக் கடைக்காரர் ஒரு தெருவில் இருப்பார். அதே அட்டையைக் காசு கொடுத்து வாங்கிச் சரக்கைச் சுற்றும் கண்ணாடிக் கடைக்காரர் அடுத்த தெருவில் இருப்பார். பத்து வருடமாக வணக்கம் சொல்லிக்கொள்வார்கள். அட்டையைப் பற்றிப் பேச்சே வந்திருக்காது.

இந்த இடைவெளியை அடைக்கத்தான் மடலும் கூட்டமும். இரண்டையும் ஒரே வேலையாக நடத்துங்கள். மடலில் வரும் தேவைகள் கூட்டத்துக்கு ஆள் சேர்க்கும், கூட்டத்தில் முடிந்த காரியம் அடுத்த மடலுக்குச் செய்தியாகும். பிரித்து நடத்தினால் மடல் வாழ்த்துப் பலகையாகிவிடும், கூட்டம் அரட்டையில் முடியும்.

செய்தி யாரிடம் கிடைக்கும்

திறப்பு விழா அழைப்பிதழ் கைக்கு வந்தபிறகு எழுதினால் அது பழைய செய்தி. புதுக்கடை வருவது முதலில் தெரிவது சிலருக்குத்தான்: பெயர்ப்பலகை செய்பவர், ரசீதுப் புத்தகம் அடிக்கும் அச்சகத்தார், ஷட்டர் மாட்டுபவர், ரேக் அடிக்கும் தச்சர், கடைகளுக்கு வயரிங் எடுக்கும் எலக்ட்ரீஷியன். இவர்களில் ஐந்து பேரைப் பிடித்து மாதம் இரண்டு முறை போன் செய்யுங்கள். "ஏதாவது விசேஷம் உண்டா?" என்று கேட்டால் "ஒன்றுமில்லை" என்றுதான் பதில் வரும். "இந்த இரண்டு வாரத்தில் புதுப் பெயரில் பலகை ஆர்டர் வந்ததா?" என்று கேளுங்கள். அவர் சொன்னதை அப்படியே போட்டுவிடக் கூடாது. அது துப்பு மட்டுமே. கடை உரிமையாளரிடம் போய், எப்போது அறிவிக்கலாம் என்று கேட்டபிறகுதான் செய்தி.

கணக்காளரிடமும் வங்கி ஊழியரிடமும் துருவாதீர்கள். சொன்னால் அவர்கள் வேலைக்கு ஆபத்து. சொல்லாவிட்டால் உங்களைக் கண்டாலே ஒதுங்கிப் போவார்கள்.

அடுத்த ஊற்று உள்ளாட்சி அலுவலகத்தின் அறிவிப்புப் பலகை. டெண்டர், கட்டட அனுமதி, சாலை தோண்டும் தேதி ஆகியவை அங்கே ஒட்டியிருக்கும், படிக்க ஆள் இருக்காது. வாரம் ஒருநாள் போய் போன் கேமராவில் எடுத்து வந்தாலே பாதி மடல் நிரம்பும். தலைவர்களின் பேச்சைவிடத் தெரு தோண்டும் செய்தியைத்தான் கடைக்காரர்கள் வெட்டி எடுத்து வைத்துக்கொள்வார்கள்.

ஒரு செய்தி எப்படி இருக்க வேண்டும்

ஐம்பது அறுபது சொல் போதும். யார், என்ன, எங்கே, எந்தத் தேதி முதல், படிப்பவர் என்ன செய்யலாம். இந்தக் கடைசிக் கேள்வியைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள்.

"நகரின் முக்கியச் சாலையில் விரைவில் வளர்ச்சிப் பணிகள் தொடங்கவுள்ளன, வணிகர்கள் ஒத்துழைக்க வேண்டும்." இதைப் படித்து ஒருவரும் ஒன்றும் செய்ய முடியாது. இதையே இப்படி எழுதுங்கள்: "பேருந்து நிலையச் சாலையின் மேற்குப் பக்கம் 12 முதல் 19ஆம் தேதி வரை வடிகால் வேலை. காலை 7 மணிக்குப் பின் சரக்கு வண்டி நுழையாது. கடைகளின் பின்பக்கச் சந்து வழியாக இறக்கலாம். சந்தின் அகலம் 9 அடி, சிறிய வண்டி மட்டும் போகும்." சந்தின் அகலத்தை டேப் வைத்து அளக்க இரண்டு நிமிடம் ஆகும். அந்த ஒன்பது அடிக்காகத்தான் அடுத்த மாதமும் உங்கள் மடலைப் பிரிப்பார்கள்.

கடை மூடும் செய்திக்கு மட்டும் தனிக் கட்டுப்பாடு வேண்டும். உரிமையாளர் வாயால் சொல்லாமல் ஒரு வரிகூடப் போடக் கூடாது. ஒரு கடை ஆட்டம் காண்கிறது என்று வதந்தி கிளம்பினால் மொத்த வியாபாரி கடனுக்குச் சரக்கு தருவதை நிறுத்துவார், முன்பணம் கொடுத்த வாடிக்கையாளர் திருப்பிக் கேட்பார், வேலையாட்கள் வேறு இடம் தேடுவார்கள். மூன்றும் ஒரே வாரத்தில் நடந்தால் நன்றாக நடக்கும் கடையும் மூடித்தான் போகும். அப்புறம் "நான் சொன்னது சரிதானே" என்று நீங்கள் சொல்லிக்கொள்ளலாம், ஆனால் மூட வைத்ததில் உங்கள் மடலுக்கும் பங்கு உண்டு.

காசு வாங்கிப் போடுவது எதுவாக இருந்தாலும் மேலே "விளம்பரம்" என்று இருக்கட்டும். தவறு நேர்ந்தால் அடுத்த இதழில் அதே இடத்தில், அதே எழுத்து அளவில் திருத்தம் போடுங்கள்.

பக்கத்தைப் பிரிக்கும் கணக்கு: ஒரு தாளின் முன்பக்கம் செய்தி, பின்பக்கம் முழுக்க "தேவை" "கொடுக்க இருக்கிறது" என்ற இரண்டு பத்தி. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அட்மின் மட்டும் எழுதும்படி குழுவைப் பூட்டிவிடுங்கள். பூட்டாத குழுவில் காலை வணக்கப் படங்களுக்கு அடியில் தெரு தோண்டும் தேதி புதைந்துபோகும், பலரும் சத்தத்தையே அணைத்துவிடுவார்கள். பிராட்காஸ்ட் பட்டியலில் வேறொரு பொறி உண்டு: உங்கள் எண்ணைத் தன் போனில் பதிந்துவைக்காதவருக்கு அது போய்ச் சேராது. எல்லாருக்கும் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். முதல் மாதம் நேரில் போய், எண்ணைப் பதிய வைத்துவிட்டு வருவதே வழி. சில தாள்களை அச்சடித்து, எல்லாரும் வந்துபோகும் நகலகத்திலும் பார்சல் அலுவலகத்திலும் வையுங்கள்.

கூட்டம்: ஐந்து மேஜை, இருபது பேர்

நாள் குறிப்பதில் கவனம் வேண்டும். மாதக் கடைசியும் முதல் வாரமும் சம்பளத்துக்கும் கணக்குக்கும் போய்விடும். வரி தாக்கல் செய்யும் நாட்களையும் தள்ளுங்கள். கடை திறப்பதற்கு முந்தைய ஒன்றரை மணி நேரம் சில்லறை வியாபாரிக்கு வசதி. எப்போது தொடங்கும் என்பதைவிட எப்போது முடியும் என்பதை அழைப்பில் பெரிதாகப் போடுங்கள், சொன்ன நிமிடத்தில் முடியுங்கள். 20 பேர் வேண்டுமென்றால் 30 பேரைப் போனில் கூப்பிடுங்கள். செய்தி அனுப்பினால் "வருகிறேன்" என்று எல்லாரும் போடுவார்கள், அதை நம்பி நாற்காலி போட முடியாது.

இடத்தை மாற்றிக்கொண்டே இருங்கள். 1905இல் சிகாகோவில் பால் ஹாரிஸ் மூன்று நண்பர்களோடு தொடங்கிய சங்கம், உறுப்பினர்களின் அலுவலகங்களில் முறைவைத்துக் கூடியதால்தான் ரோட்டரி என்று பெயர் பெற்றது. அந்த ஏற்பாட்டில் ஒரு நல்ல யுக்தி இருக்கிறது. ஒரே கடையில் எப்போதும் கூடினால் அது அவர் கூட்டமாகிவிடும், அவருக்குப் பிடிக்காதவர் வரமாட்டார். மாறி மாறிப் போனால் அடுத்தவர் கிடங்கையும் பட்டறையையும் கண்ணால் பார்க்கலாம். "உங்களிடம் இந்த மெஷின் இருக்கிறதா?" என்ற கேள்வி அங்கேதான் பிறக்கும்.

இஷ்டப்படி உட்காரவிட்டால் தினமும் பேசுகிறவர்களே பக்கத்தில் உட்காருவார்கள். பலன் எங்கிருந்து வருகிறது என்பதற்கு ஒரு பழைய கணக்கு உண்டு. பாஸ்டனை ஒட்டிய ஒரு நகரில் ஆட்களின் மூலம் வேலை கிடைத்தவர்களைச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் விசாரித்து 1973இல் வெளியிட்டார். தகவல் தந்தவரை அடிக்கடி சந்தித்தவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது சந்தித்தவர்கள் 55.6 சதவீதம், அரிதாகச் சந்தித்தவர்கள் 27.8. நெருங்கிய கூட்டாளிக்குத் தெரிந்தது பெரும்பாலும் உங்களுக்கும் தெரிந்திருக்கும் என்பதே காரணம்.

அதனால் இடத்தைச் சீட்டு தீர்மானிக்கட்டும். சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை என நான்கு நிற அட்டை, ஒவ்வொன்றிலும் 1 முதல் 5 வரை மேஜை எண். ஒரு மேஜைக்கு நிறத்துக்கு ஒருவராக நால்வர். முதல் சுற்று அட்டையில் உள்ள மேஜையில். பிறகு ஒவ்வொரு சுற்றுக்கும் சிவப்பு நகராது, நீலம் ஒரு மேஜை தள்ளிப் போகும், மஞ்சள் இரண்டு, பச்சை மூன்று. ஐந்தைத் தாண்டினால் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். பச்சை 1 முதலில் மேஜை 1, பிறகு 4, பிறகு 2. மூன்று சுற்று முடியும்போது ஒவ்வொருவரும் ஒன்பது பேரோடு உட்கார்ந்திருப்பார், ஒருவரையும் இரண்டாம் முறை பார்த்திருக்க மாட்டார்.

ஆறு மேஜையோடு இதைச் செய்யாதீர்கள். பச்சை மூன்று மூன்றாக நகர்ந்தால் 1, 4, மறுபடி 1 என்று திரும்பிவிடும், அங்கே அதே சிவப்பு ஆள் உட்கார்ந்திருப்பார். ஐந்து போதவில்லை என்றால் ஏழு மேஜை, 28 பேர். ஆள் குறைந்தால் நாற்காலி காலியாக இருக்கட்டும், அந்தக் காலி இடமும் தன் நிறத்தின்படி நகரட்டும். ஓரிருவர் கூடுதலாக வந்தால் ஒருவருக்கு மணி பார்க்கும் வேலை, மற்றவருக்குக் குறிப்பெடுக்கும் வேலை. ஐந்தாவது நாற்காலியைப் போடாதீர்கள், சுற்று கலைந்துவிடும்.

இந்த முறையில் இன்னொரு வசதி ஒளிந்திருக்கிறது. ஒரே நிறத்தவர் ஒருபோதும் ஒரே மேஜைக்கு வரமாட்டார்கள், எல்லாரும் ஒரே அளவு நகர்வதால். ஆகவே ஒரே தொழிலில் போட்டியாக இருப்பவர்கள், பாக்கித் தகராறில் இருப்பவர்கள், பேச்சில்லாத பங்காளிகள் ஆகியோருக்கு ஒரே நிற அட்டையை வாசலிலேயே சத்தமில்லாமல் கொடுத்துவிடுங்கள். பெரிய நகரங்களில் நடக்கும் பிஎன்ஐ போன்ற, வியாபாரிகள் ஒருவருக்கொருவர் வாடிக்கையாளரைப் பரிந்துரைக்கும் அமைப்புகளில், ஒரு குழுவில் தொழிலுக்கு ஒருவர்தான் என்று விதி உண்டு. சின்ன நகரத்தில் அந்த விதியைப் போட்டால் பாதிக் கடைவீதி வெளியே நிற்கும். நிற அட்டை அதே வேலையை யார் மனமும் நோகாமல் செய்துவிடும்.

நேரம்: முதல் 10 நிமிடம் அட்டை எழுத. 5 நிமிடம் மடல் செய்தி. சுற்றுக்கு 12 நிமிடம், ஆளுக்கு மூன்று, இடம் மாற இரண்டிரண்டு நிமிடம், ஆக 40. பிறகு எல்லார் தேவையையும் ஒருவரே உரக்கப் படிக்க 15. கடைசி 20 நிமிடம் நின்றபடி பேச. மொத்தம் 90. சிறப்பு விருந்தினர் உரை என்று ஒன்றை நுழைத்தால் முதலில் சாவது அந்தக் கடைசி 20 நிமிடம். போன் எண் கைமாறுவது அப்போதுதான்.

அட்டையின் முன்பக்கம் பெயர், தொழில், எண். பின்பக்கம் ஒரு தேவை, கொடுக்க இருக்கும் ஒன்று. "நல்ல வாடிக்கையாளர்கள் வேண்டும்" என்று எழுதினால் திருப்பிக் கொடுத்து மாற்றச் சொல்லுங்கள். "மழை ஒழுகாத, தரைத்தளத்தில் உள்ள கிடங்கு, 400 சதுர அடி, மூன்று மாதத்துக்கு மட்டும்" என்று எழுதினால் கேட்பவர் மனதில் ஒரு கட்டடமாவது வந்து நிற்கும்.

ஒரு எச்சரிக்கை. ஒரே தொழில்காரர்கள் கூடும் இடத்தில் "எல்லாரும் ஒரே விலை வைப்போமா" என்ற பேச்சு எளிதில் கிளம்பும். பல நாடுகளில் அது போட்டிச் சட்டப்படி குற்றம். விளையாட்டாகச் சொன்னாலும் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்தி, நிறுத்தியதைக் குறிப்பேட்டில் எழுதுங்கள்.

கூட்டத்துக்குப் பிறகு

ஒருவர் தேவையும் இன்னொருவர் கொடுக்க இருப்பதும் பொருந்தினால், இரண்டு நாளுக்குள் அவர்களுக்கு அறிமுகச் செய்தி போய்விட வேண்டும். தாமதித்தால் முகம் மறந்துவிடும். யாருடைய எண்ணையும் இருவரையும் கேட்காமல் கொடுக்காதீர்கள். சம்மதம் வந்ததும் இருவருக்கும் சேர்த்து ஒரே செய்தி:

"வணக்கம் சார். கண்ணாடிக் கடை நடத்தும் இவருக்கு மாதம் 150 கிலோ அளவில் பழைய அட்டைப்பெட்டி தேவைப்படுகிறது. உங்கள் கடையில் 200 கிலோ சேர்கிறது என்றீர்கள். வியாழன் மாலைக்குள் அவரே உங்களை அழைப்பார். விலை, தரம் எல்லாம் உங்கள் இருவருக்குள் பேசிக்கொள்ளுங்கள்."

யார் முதலில் அழைப்பது, எப்போதுக்குள் என்பது இல்லாவிட்டால் "அவர் கூப்பிடட்டும்" என்று இரண்டு பேரும் காத்திருப்பார்கள். கடைசி வரியும் அவசியம். பேரம் கசந்தால், சரக்கு சரியில்லாவிட்டால், பணம் நின்றுபோனால் பழி அறிமுகம் செய்தவர் தலையில்தான் விழும். ஜாமீன் நிற்கவில்லை என்பதை முதல் செய்தியிலேயே தெளிவாக்கிவிடுங்கள்.

ஒரு நோட்டில் ஐந்து கட்டம்: தேதி, யார், யாருக்கு, எதற்காக, என்ன ஆயிற்று. கடைசிக் கட்டத்தை நிரப்ப 30ஆம் நாள் இருவருக்கும் தனித்தனியாகப் போன் செய்யுங்கள். இருவரும் சொல்வது ஒன்றுபோல் இருக்காது, அதையும் எழுதுங்கள். நடந்ததை மடலில் போடச் சம்மதம் கேளுங்கள், தொகையை மட்டும் போடாதீர்கள். தொகை அச்சில் வந்தால் மறுவாரமே இன்னொருவர் குறைத்துக் கேட்டு வருவார்.

தொடர்ந்து மூன்று மாதம் ஒரே தேவை ஆள் கிடைக்காமல் நின்றால் மடலின் தலைப்பில் அதை ஏற்றுங்கள். அந்த வேலையைச் செய்யும் ஆள் ஊரில் இல்லை என்று அர்த்தம், தொழில் தேடும் யாரோ ஒருவருக்கு அதுவே பெரிய செய்தி.