அரிசியில் இருப்பது எந்த ஆர்சனிக்? வடிவம் பிரித்து அளக்கும் செய்முறை

அரிசியில் ஆர்சனிக் எவ்வளவு என்று அளப்பதோடு ஆய்வகத்தின் வேலை முடிவதில்லை. அது எந்த வடிவத்தில் இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். கனிம வகையான ஆர்சனைட், ஆர்சனேட், கரிம வகையான டி.எம்.ஏ. (டைமெத்தில் ஆர்சினிக் அமிலம்), எம்.எம்.ஏ. (மோனோமெத்தில் ஆர்சோனிக் அமிலம்) ஆகிய நான்கும் அரிசியில் தேடப்படுபவை. இவற்றில் கனிம வகையே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என உறுதிப்பட்டது. தீட்டிய அரிசிக்குப் பன்னாட்டு உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் 2014இல் வகுத்த உச்ச வரம்பு, அதாவது கிலோவுக்கு 0.2 மில்லிகிராம், அந்தக் கனிம வகைக்கு மட்டுமே உரியது. மொத்த ஆர்சனிக்கே அதற்குக் கீழ் இருந்தால் மேற்கொண்டு பிரிக்கத் தேவையில்லை. தாண்டினால்தான் பின்வரும் வேலை.

முதல் படி, சாறு எடுத்தல். மொத்த அளவுக்காக மாதிரியை அடர் நைட்ரிக் அமிலத்தில் முழுவதும் கரைப்பது வழக்கம். அப்படிச் செய்தால் வடிவங்கள் எல்லாம் சிதைந்துவிடும். ஆகவே நன்கு பொடித்த அரிசி மாவு 1 கிராமுடன் 0.28 மோலார் நைட்ரிக் அமிலம் 10 கிராம் சேர்த்து, மூடிய குழாயில் 95 டிகிரி செல்சியஸில் 90 நிமிடம் வைத்து, மையவிலக்கியில் சுழற்றித் தெளிந்த நீரை எடுங்கள். அதன் அமிலத்தன்மையை அம்மோனியாக் கரைசலால் தணித்து, 0.45 மைக்ரோமீட்டர் வடிகட்டியில் வடிகட்டுங்கள். பழகிய புதிதில் நான் தணிக்காமலே கருவியில் செலுத்தி, முகடுகள் (ஒவ்வொரு வடிவமும் வெளிவரும்போது வரைபடத்தில் எழும் மேடுகள்) கோணிக்கொண்டு வந்ததற்குக் கருவியைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் படி, பிரித்தல். எதிர்மின் சுமை கொண்டவற்றைப் பிடித்து வைக்கும் எதிர்மின் அயனிப் பரிமாற்றக் குழலும், சாற்றை அதனூடே நகர்த்தும் ஓடுநீராகப் பி.எச். 8.25 அளவில் 10 மில்லிமோலார் அம்மோனியம் பாஸ்பேட்டும் போதும். ஏன் பிரிகின்றன என்பதைப் புரிந்துகொண்டால் முகடுகளின் வரிசையை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. இந்தப் பி.எச்.சில் ஆர்சனைட்டுக்குப் பெரும்பாலும் மின்சுமையே இல்லை. அதனால் குழலில் ஒட்டாமல் முதலில் வெளியேறிவிடும். டி.எம்.ஏ. ஓர் எதிர்மின் சுமை தாங்குவதால் அடுத்து வரும்; ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடைப்பட்ட நிலையிலுள்ள எம்.எம்.ஏ. அதன் பின்னே வரும். இரட்டைச் சுமை கொண்ட ஆர்சனேட், குழலை இறுகப் பற்றிக்கொண்டு கடைசியில் வரும். முகடுகளை ஒப்பிட்டு அளக்க உதவும் ஆர்சனைட் திட்டக் கரைசல் பெரும்பாலும் நம் சித்த மருத்துவ நூல்கள் வெள்ளைப் பாஷாணம் என்று சொல்லும் ஆர்சனிக் டிரை ஆக்சைடிலிருந்தே தயாராகிறது, கையுறையின்றித் தொடாதீர்கள்.

மூன்றாம் படி, கண்டறிதல். குழலின் முனையை நேரே ஐ.சி.பி.எம்.எஸ். கருவியில் (பிளாஸ்மாச் சூட்டில் அணுக்களை அயனியாக்கி, நிறைவாரியாக எண்ணுவது) இணைத்து, நிறை எண் 75இல் கவனிக்க வேண்டும். ஆர்சனிக்குக்கு இயற்கையில் இந்த ஓர் ஐசோடோப்புதான். வேறு எண்ணுக்கு மாறிக்கொள்ள வழியில்லை. ஆனால் பிளாஸ்மாவின் ஆர்கானும் (40) மாதிரியிலுள்ள குளோரினும் (35) சேர்ந்து அதே 75இல் போலி முகடு காட்டும். கருவிக்குள் உள்ள மோதல் அறையில் ஹீலியம் செலுத்தினால், உருவில் பெரிய அந்த மூலக்கூறு அயனி கூடுதலாக மோதி ஆற்றலிழந்து வடிகட்டப்படும். குளோரினின் மற்றோர் ஐசோடோப்பு (37) ஆர்கானோடு சேர்ந்தால் 77இல் தெரியும் என்பதால் 77ஐயும் சேர்த்துப் பதிவு செய்யுங்கள்: அங்கேயும் அதே நேரத்தில் முகடு எழுந்தால் குளோரினைச் சந்தேகிக்கலாம்.

நான்காம் படியைத் தவிர்க்கவே கூடாது. உங்கள் அளவீடு சரியா என்று சோதிக்க, அமெரிக்காவின் தர அளவீட்டு நிறுவனமான நிஸ்ட், அளவுகளைச் சான்றளித்துத் தரும் 1568பி அரிசி மாவை உங்கள் மாதிரிகளோடு சேர்த்து ஓட்டுங்கள். அதில் மொத்த ஆர்சனிக் கிலோவுக்கு 0.285 மில்லிகிராம், டி.எம்.ஏ. 0.180, கனிம வகை 0.092, எம்.எம்.ஏ. சுமார் 0.012. மொத்தம் வரம்பைத் தாண்டியும் கனிம வகை அதில் பாதியைக்கூட எட்டவில்லை என்பதைக் கவனியுங்கள். உங்கள் நான்கு முகடுகளின் கூட்டுத்தொகை மொத்தத்துக்கு வெகுவாகக் குறைந்தால், சாறு முழுமையாக இறங்கவில்லை அல்லது ஏதோ குழலிலேயே தங்கிவிட்டது என்று பொருள்.

மீன், இறால் என்றால் இன்னொரு சிக்கல் உண்டு: நஞ்சற்றதாகவே கருதப்படும் கரிம வகையான ஆர்சனோபீட்டைன் முதல் முகட்டோடு ஒட்டி வந்து ஆர்சனைட் போல ஏமாற்றும். சாற்றில் ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்த்து மீண்டும் ஓட்டினால் ஆர்சனைட் முழுவதும் ஆர்சனேட்டாகிக் கடைசி முகட்டுக்குப் போய்விடும். முன்னே எஞ்சியிருப்பது ஆர்சனோபீட்டைன். அரிசியிலும் அமிலச் சூட்டில் இவ்விரு கனிம வடிவங்களும் ஒன்று மற்றொன்றாக மாறக்கூடும் என்பதால், அறிக்கையில் அவற்றைத் தனித்தனியாகக் குறிக்காமல் கூட்டிக் ‘கனிம ஆர்சனிக்’ என்றே எழுதுங்கள்.