பெயரை நம்பி ஏமாறாதீர்கள்: போர்க்கப்பல்களின் கதையை எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்திய ஜெர்மானியக் கப்பல் எம்டனை நீர்மூழ்கிக் கப்பல் என்று எழுதுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது மூன்று புகைபோக்கிகளோடு கடல்மட்டத்தில் திரிந்த குரூசர், அதாவது நடுத்தர அளவுப் போர்க்கப்பல். நான்காவதாக ஒரு போலிப் புகைபோக்கியை நட்டுவைத்து பிரிட்டிஷ் கப்பலாக வேடம் கட்டியதும் உண்டு. மூழ்கத் தெரிந்திருந்தால் அந்த வேடத்துக்கே அவசியம் இருந்திருக்காது.

இந்தப் பிழையையாவது ஒரு படத்தைப் பார்த்தாலே திருத்திவிடலாம். ஒரே கப்பல் பல கொடிகளின் கீழ் ஓடியிருந்தால் வருகிற குழப்பம் அவ்வளவு எளிதில் பிடிபடாது. இந்தியக் கடற்படையின் முதல் குரூசரான ‘டெல்லி’யை எடுத்துக்கொள்வோம். இந்தத் துறையில் செய்யக்கூடிய பிழைகளில் பெரும்பாலானவற்றை அந்த ஒரு கப்பலை வைத்தே செய்துவிடலாம்.

1932இல் இங்கிலாந்தின் பர்க்கன்ஹெட்டில் நீரில் இறக்கப்பட்டபோது அதன் பெயர் அக்கிலிஸ். 1939 டிசம்பர் 13 அன்று தென் அமெரிக்கக் கரையோரம் ஏஜாக்ஸ், எக்ஸெட்டர் ஆகிய கப்பல்களோடு சேர்ந்து ஜெர்மனியின் போர்க்கப்பல் கிராஃப் ஸ்பேயை எதிர்த்தது. ரிவர் பிளேட் போர் என்பது இதுதான். ‘மூன்று கப்பல்களும் சேர்ந்து கிராஃப் ஸ்பேயை மூழ்கடித்தன’ என்று எழுதினால் அது தவறு. அடிபட்ட கிராஃப் ஸ்பே உருகுவேயின் மொண்டெவிடியோ துறைமுகத்தில் ஒதுங்கியது. நான்கு நாள் கழித்து, டிசம்பர் 17 அன்று, அதன் தலைவர் லாங்ஸ்டார்ஃப் வெளியே கொண்டுவந்து தானே வெடிவைத்துத் தகர்த்தார். போரில் மூழ்கடிக்கப்படுவதும் சொந்த மாலுமிகளால் அழிக்கப்படுவதும் ஒன்றல்ல.

எந்தக் கடற்படையின் கப்பல் என்று காட்ட, பெயருக்கு முன்னால் போடும் முன்னொட்டு அடுத்த வழுக்குப்பாறை. அக்கிலிஸில் நியூசிலாந்துக்காரர்கள் ஏராளம் என்பதால் ரிவர் பிளேட் போரிலேயே ‘எச்எம்என்இசட்எஸ்’ (நியூசிலாந்துக் கடற்படையின் முன்னொட்டு) என்று போட்டுவிடுகிறார்கள். ராயல் நியூசிலாந்து கடற்படை உருவானதே 1941 அக்டோபரில்தான். சண்டையின்போது அது, பிரிட்டிஷ் கப்பல்களைப் போல, வெறும் எச்எம்எஸ் அக்கிலிஸ். இதேபோல், 1948 ஜூலை 5 அன்று இந்தியா ஏற்றுக்கொண்டபோது கப்பல் ஐஎன்எஸ் (இந்தியக் கடற்படைக் கப்பல்) டெல்லி ஆகவில்லை, எச்எம்ஐஎஸ் (மன்னரின் இந்தியக் கப்பல்) டெல்லி ஆனது. நாடு குடியரசான 1950 ஜனவரி 26 முதல்தான் ஐஎன்எஸ்.

இங்கேதான் பெரிய பொறி காத்திருக்கிறது. அந்த ‘ஐ’யை விட்டுவிட்டு எச்எம்எஸ் டெல்லி என்று தேடினால் இன்னொரு கப்பல் வந்து நிற்கும். அதுவும் குரூசர்தான், அதுவும் இரண்டாம் உலகப் போரில் போரிட்டதுதான். ஆனால் அது 1919இல் பணியில் சேர்ந்த பிரிட்டிஷ் கப்பல். மத்தியதரைக் கடலில் சண்டையிட்டது. உடைப்பதற்கு விற்கப்பட்ட ஆண்டு, விதியைப் பாருங்கள், அதே 1948. அந்தக் கப்பலின் வீரதீரங்களைத் தூக்கி இந்திய டெல்லியின் கணக்கில் சேர்த்துவிடுவது மிகச் சுலபம். போதாக்குறைக்கு 1997இல் பணியில் சேர்ந்த டெல்லி என்ற டெஸ்ட்ராயரும் (நாசகாரிப் போர்க்கப்பல்) உண்டு.

பீரங்கிகளை எண்ணும்போதும் நிதானம் வேண்டும். கட்டப்பட்டபோது அக்கிலிஸில் நான்கு சுழல்மேடைகள், மேடைக்கு இரண்டாக எட்டு ஆறங்குலப் பீரங்கிகள். 1943 ஜனவரியில் பசிபிக் தீவான குவாடல்கனால் அருகே ஜப்பானியக் குண்டு ஒன்று பின்பக்கத்துச் சுழல்மேடைகளில் மேலே இருந்ததைச் சிதைத்தது. இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத்தில் பழுதுபார்த்தபோது அந்த மேடையை எடுத்துவிட்டார்கள். ஆகவே இந்தியாவுக்கு வந்தது ஆறு பீரங்கிக் கப்பல். பழைய கையேட்டைப் பார்த்து ‘எட்டுப் பீரங்கிகள் கொண்ட ஐஎன்எஸ் டெல்லி’ என்று எழுதுவதைவிட, பின்பக்கம் தெரியும் ஒரு புகைப்படத்தைத் தேடுவது மேல்.

புகைப்படத்தையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடாது. ரிவர் பிளேட் போரைப் பற்றி 1956இல் பிரிட்டிஷ் படம் ஒன்று வெளிவந்தது. அதில் அக்கிலிஸாக நடித்தது அக்கிலிஸேதான், அப்போது டெல்லி என்ற பெயரில். கிராஃப் ஸ்பேயாக நடித்ததோ சலேம் என்ற அமெரிக்கக் குரூசர். போர் முடிந்தபின் 1949இல் பணியில் சேர்ந்தது. கிராஃப் ஸ்பேக்குப் பெரிய சுழல்மேடைகள் இரண்டு, சலேமுக்கு மூன்று. இந்த ஒரு அடையாளம் போதும்.

பலர் கப்பலின் கதையை 1945இலேயே முடித்துவிடுகிறார்கள். என் கண்ணுக்கு இதுதான் எல்லாவற்றிலும் மோசமான தவறு, பாதி வாழ்க்கை அதற்குப் பிறகுதான் என்பதால். டெல்லி 1961இல், போர்ச்சுகல் வசமிருந்த டையூ மீதான தாக்குதலில் பீரங்கி முழக்கியது. 1978இல்தான் ஓய்வு பெற்றது. அதன் சுழல்மேடை ஒன்று இன்று ஆக்லாந்தின் டெவன்போர்ட் கடற்படைத் தளத்தில் இருக்கிறது. இன்னோர் உதாரணம்: பேர்ல் ஹார்பர் தாக்குதலில் தப்பிய அமெரிக்கக் கப்பல் ஃபீனிக்ஸ், அர்ஜென்டினாவிடம் போய் ஜெனரல் பெல்கிரானோ ஆகி, 1982இல் பிரிட்டிஷ் நீர்மூழ்கியால் மூழ்கடிக்கப்பட்டது. 323 பேர் இறந்தார்கள். போரின் முடிவோடு ஏட்டை மூடியிருந்தால் இதெல்லாம் காணாமல் போயிருக்கும்.

நேர்மாறான பிழையும் உண்டு: போரையே காணாத கப்பலுக்குப் போர்ப் பதக்கம் குத்துவது. இந்தியாவின் விமானந்தாங்கிக் கப்பலான பழைய விக்ராந்த் இரண்டாம் உலகப் போரில் கலந்துகொண்டதாக அடிக்கடி படிக்கிறோம். ஹெர்குலிஸ் என்ற பெயரில் 1943இல் பிரிட்டனில் அடிக்கட்டை போட்டார்கள், அதாவது கட்டத் தொடங்கினார்கள். நீரில் இறக்கியது 1945 செப்டம்பர் 22, போர் ஓய்ந்தபின். அரைகுறையாகக் கிடந்த அதை 1957இல் இந்தியா வாங்கி, பெல்ஃபாஸ்டில் முடித்து, 1961 மார்ச் 4 அன்று பணியில் சேர்த்தது. அடிக்கட்டை போட்டது, நீரில் இறக்கியது, பணியில் சேர்த்தது என மூன்று தேதிகள். எதைச் சொல்கிறோம் என்று குறிப்பிடாவிட்டால் கப்பலின் வயதில் 18 ஆண்டு கூடும் அல்லது குறையும். கடைசியிலும் இதே கதைதான்: 1997இல் ஓய்வு, பிறகு மும்பையில் அருங்காட்சியகம், 2014இல்தான் உடைப்பதற்கு விற்பனை.

எடையைச் சொல்லும்போது எந்த எடை என்றும் சொல்லுங்கள். அதே விக்ராந்த், எரிபொருள் இல்லாத கணக்கில் சுமார் 16,000 டன், முழுச் சுமையோடு 19,500 டன். இரண்டுமே சரி, ஒரு கப்பலுக்கு ஒன்றையும் மற்றதற்கு இன்னொன்றையும் எடுத்து ஒப்பிடுவதுதான் கூடாது.

கப்பலின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் எண்ணைப் பார்த்தால் அடையாளம் தெரிந்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். பழைய விக்ராந்தின் எண் ஆர்11. கொச்சியில் கட்டி 2022 செப்டம்பர் 2 அன்று பணியில் சேர்த்த புதிய விக்ராந்தின் எண்ணும் ஆர்11. பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் பணியில் சேர்ந்த ஆண்டைப் போடுவது ஒன்றே வழி.