அழிந்த படைப்பிரிவை மீட்க முயலும் மறைக்குழு: மிகுபுனைவில் அதை அமைக்கும் முறை

மறைக்குழு ஒன்றைக் கதைக்குள் கொண்டுவர நினைப்பவர்கள் பெரும்பாலும் முகமூடி, நிலவறை, தீப்பந்தம் ஆகியவற்றிலிருந்து தொடங்குகிறார்கள். அழிந்த படைப்பிரிவை மீட்டெடுக்கப் பாடுபடும் இராணுவ மறைக்குழுவுக்கு அந்தத் தொடக்கம் பொருந்தாது. இந்தக் குழுவின் உயிர் அது இழந்த படையில் இருக்கிறது. ஆகவே முதலில் அந்தப் படையைப் பற்றி இரண்டு பக்கமாவது எழுதிக்கொள்ளுங்கள். எத்தனை பேர் இருந்தார்கள், எந்த ஆயுதத்தில் தேர்ந்தவர்கள், கடைசிக் கட்டளையை யார் இட்டார், அது யாருக்குப் போய்ச் சேர்ந்தது, போர்க்களத்திலிருந்து திரும்பி வந்தவை எவை என்ற கேள்விகளுக்கு உங்களிடம் விடை இருக்க வேண்டும். இவற்றில் பாதி கதையில் வராமலே போகலாம். ஆனால் குழுவினர் அனைவருக்கும் இவை மனப்பாடம் என்பதால், உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்து, இழந்தது எது என்று ஒரே சொல்லில் தீர்மானியுங்கள். ஆட்களா, கொடியா, எண்ணா, பெயரா? இவை நான்கும் வெவ்வேறு இழப்புகள் என்பதை ரோமானிய வரலாறு தெளிவாகக் காட்டுகிறது. கி.பி. 9இல் ஜெர்மனியின் டியூட்டோபர்க் காட்டில் 17, 18, 19 ஆகிய எண்களைத் தாங்கிய மூன்று லீஜன்கள், அதாவது ரோமானியப் பெரும் படைப்பிரிவுகள், அழிந்தன. அவை கொடியாகச் சுமந்த கழுகுச் சின்னங்களுள் இரண்டு சில ஆண்டுகளிலேயே ரோமானியத் தளபதி ஜெர்மானிக்கஸின் படையெடுப்புகளின்போது மீட்கப்பட்டன; மூன்றாவது கி.பி. 41இல் கிடைத்தது. சின்னங்கள் திரும்பி வந்த பிறகும் அந்த எண்கள் வேறு எந்த லீஜனுக்கும் சூட்டப்படவில்லை. கொடி மீண்டாலும் படை மீளவில்லை என்ற இந்த ஒரு செய்தியிலேயே ஒரு மறைக்குழுவுக்குத் தேவையான ஏக்கம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

பெயரை இழந்த படையே இத்தகைய கதைக்கு மிகவும் ஏற்றது என்பது என் கருத்து. வட ஆப்பிரிக்காவில் நிலைகொண்டிருந்த மூன்றாம் அகஸ்டா லீஜன் கி.பி. 238இல் ஆட்சிப் போட்டியில் தலையிட்டு, பேரரசராக அறிவிக்கப்பட்டிருந்த இரண்டாம் கோர்டியனின் படையைத் தோற்கடித்தது. அதே ஆண்டில் அரியணை ஏறிய மூன்றாம் கோர்டியன் அந்த லீஜனையே கலைத்தார். கல்வெட்டுகளிலிருந்து அதன் பெயர் உளியால் செதுக்கி நீக்கப்பட்டது. பதினைந்து ஆண்டுகள் கழித்து, கி.பி. 253இல் பேரரசர் வலேரியன் அதை மீண்டும் அமைத்தபோது, செதுக்கிய இடங்களிலேயே பெயர் மறுபடியும் பொறிக்கப்பட்டது. இடைப்பட்ட அந்தப் பதினைந்து ஆண்டுகளை எண்ணிப் பாருங்கள். கலைக்கப்பட்ட வீரர்கள் அந்தக் கற்களைக் கடந்து எப்படி நடந்திருப்பார்கள், குழிந்த எழுத்துகளை இருளில் விரலால் தடவிப் பார்த்தவர் எவரேனும் இருந்திருப்பாரா என்று கேட்டால், உங்கள் குழுவின் முதல் சடங்கு தானாகவே பிறந்துவிடும். பெயர் நீக்கப்பட்ட கல்லின் முன் கூடி, ஒவ்வொருவரும் ஓர் எழுத்தை வாய்க்குள் சொல்லிச் செல்வதே போதுமான சடங்கு.

உறுப்பினர்களைத் தேர்ந்தெடுப்பதில் அவசரம் வேண்டாம். தப்பிப் பிழைத்த தளபதியைத் தலைவராக்குவது எளிதில் தோன்றும் வழி. ஆனால் படையின் நினைவைக் காப்பவர்கள் பெரும்பாலும் போர்முனைக்குப் பின்னால் இருந்தவர்கள். சம்பளப் பதிவேட்டை எழுதிய கணக்கர், களஞ்சியக் காப்பாளர், குதிரைகளுக்கு லாடம் அடித்தவர், கணவனின் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்க மறுத்த மனைவி ஆகியோரைக் கொண்டு குழுவை அமைத்தால், இரகசியம் நம்பும்படி இருக்கும். ஏனெனில் இவர்களை எந்த ஒற்றனும் திரும்பிப் பார்க்க மாட்டான்.

படிநிலைகள் குறைவாக இருக்கட்டும். ரோமானிய வீரர்களிடையே பரவியிருந்த, மித்ரா என்ற தெய்வத்தின் வழிபாட்டில் ஏழு படிநிலைகள் இருந்தன. காகம் என்ற படியில் தொடங்கித் தந்தை என்ற படியில் அவை முடிந்தன. குகையைப் போல் அமைத்த சிறிய அறைகளில் சிலர் மட்டும் சேர்ந்து உண்பது அதன் முக்கியமான சடங்கு. இரகசியக் கூட்டம் என்றால் ஆயிரம் பேர் கூடும் மண்டபம் என்று எழுதுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இருபது பேர் முழங்கால் இடிக்க அமர்ந்து உண்ணும் அறையில் ஒரு துரோகி இருந்தால், அவன் மூச்சு விடுவதுகூடக் கேட்கும்.

புனிதப் பொருளைப் பொறுத்தவரை, வாளையும் மணிமுடியையும் தவிர்த்துவிடுங்கள். ஒட்டோமான் பேரரசின் சிறப்புக் காலாட்படையான ஜானிசரிப் படையினர் தங்கள் சமையல் கொப்பரையையே புனிதமாகக் கருதினார்கள். அதைக் கவிழ்த்து வைப்பது கலகத்துக்கு அடையாளம், போரில் பறிகொடுப்பது பெரும் இழிவு. அந்தப் படை 1826இல் ஒழிக்கப்பட்டது. அன்றாடம் கை பட்ட பொருளே படையின் நினைவைத் தாங்கும் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்றை நான் அறியேன்.

இனி மாயத்துக்கு வருவோம். மாயத்தின் விதி ஒன்றாகவும் கடினமாகவும் இருக்க வேண்டும். அது படை வாழ்விலிருந்தே பிறக்க வேண்டும். நான் பரிந்துரைப்பது பெயரழைப்பு. பழைய ஆள்பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் உயிருள்ள ஒருவர் “இருக்கிறேன்” என்று பதில் சொன்னால், அந்த இரவில் படை எழுந்து வரும். பதில் சொன்னவர் அன்று முதல் தம் சொந்தப் பெயரை இழந்து, இறந்தவரின் பெயரில் வாழ வேண்டும். அவருடைய குழந்தைகூட அவரை அடையாளம் காணாது. இந்த விலையை முதல் அத்தியாயங்களிலேயே வாசகருக்குக் காட்டிவிடுங்கள். ஒருவர் தம் பெயரை இழப்பதை வாசகர் நேரில் பார்த்திருந்தால்தான், இன்னும் நானூறு பெயர்கள் மீதமிருக்கின்றன என்ற செய்தி அச்சம் தரும்.

இந்த விதியிலிருந்தே குழுவின் உட்பகையும் முளைக்கும். பட்டியலில் களத்தைவிட்டு ஓடிப்போன ஒருவனின் பெயரும் இருக்கிறது. அதை விட்டுவிட்டால் எண்ணிக்கை நிறையாது, படை எழாது. சேர்த்தால், தோழர்களைக் கைவிட்டவனையும் மரியாதையோடு அழைக்க வேண்டும். கணக்கர் சேர்க்க வேண்டும் என்பார், ஏனெனில் பதிவேடு அப்படிச் சொல்கிறது. மகனை இழந்த தாய் ஒருபோதும் ஒப்பமாட்டார். இருவர் பக்கமும் நியாயம் இருக்கும்படி எழுதுங்கள். ஒருவரைக் கொடியவராக்கினால் கதை அங்கேயே சரிந்துவிடும். அரசர் தரப்புக்கும் ஒரு காரணம் கொடுங்கள். அந்தப் படை ஒரு நகரத்தைச் சூறையாடியதால் அதன் பெயர் நீக்கப்பட்டிருக்கலாம். அந்த நகரத்தில் பிறந்த பெண் ஒருத்தி, எதுவும் தெரியாமல், இறந்த வீரன் ஒருவனின் பெயரை ஏற்க முன்வந்திருக்கலாம்.

திறப்புக் காட்சிக்குப் பெயரழைப்பின் நடுப்பகுதியைத் தேர்ந்தெடுங்கள். விளக்கம் எதுவும் வேண்டாம். சிறிய அறை, நடுவில் கரி படிந்த ஒரு கொப்பரை, பட்டியலைப் படிக்கும் கணக்கரின் குரல். ஒவ்வொரு பெயருக்கும் பதில் வருகிறது. பிறகு ஒரு பெயர் வாசிக்கப்படுகிறது. அறையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. கதவுக்கு வெளியே, குழுவினர் எவருக்கும் தெரியாத ஒரு கிழவரின் குரல் “இருக்கிறேன்” என்கிறது.